பிரேக் மிதிச்சா பெட்ரோல் முள் இறங்குது, மீட்டர் போர்டு மாத்தணுமா?

மலைப்பள்ளி டீச்சர் (கோபி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. வீடு கோபிச்செட்டிபாளையம். வேலை தாளவாடிப் பக்கம் ஒரு பள்ளியில. திங்கக்கிழமை விடியறப்பவே கிளம்பி சத்தி, பண்ணாரி, திம்பம் வழியா மேல போனா வெள்ளிக்கிழமை பொழுதோடதான் இறங்குவேன். வண்டி 2009 மாடல் சின்ன பெட்ரோல் கார், கைமாறி வந்தது. டேங்க் 35 லிட்டர்.

பெட்ரோல் முள்ளுதான் பிரச்சனை. ஃபுல் டேங்க் போட்டாலும் முக்காலுக்கு மேல ஏறாது. அங்கிருந்து ஓரளவு ஒழுங்கா இறங்கிட்டு வரும். கால்வாசிக்குக் கிட்ட வந்ததும் பொத்துனு 'ஈ'ல, அதாவது காலிங்கற கோட்டுல விழுந்துரும். ஒரு வேகத்தடை ஏறி இறங்குனா மறுபடி எந்திரிச்சு நிக்கும். இப்ப புதுசா ஒண்ணு கவனிச்சேன். ராத்திரி லைட் போட்டுட்டு சிக்னல்ல பிரேக் மிதிச்சு நின்னா முள் ஒரு கோடு கீழ போகுது. காலை எடுத்தா மெதுவா பழைய இடத்துக்கு வருது. பிரேக்குக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்னு புரியல.

ஒர்க்‌ஷாப்புல காட்டினேன். சாவியைத் திருப்பிப் பாத்துட்டு, "மீட்டர் போர்டு போயிருச்சு மேடம், பழைய வண்டியில கழட்டுனது ஒண்ணு இருக்குது, 9,000 ஆகும்"னாங்க. அதைப் போட்டா ஓடின கிலோமீட்டர் கணக்கும் அந்த வண்டியோடதா மாறிரும். நாளைக்கு விக்கப் போனா என்ன பதில் சொல்றது?

இப்போதைக்கு ட்ரிப் மீட்டரை வெச்சு 300 கிலோமீட்டருக்கு ஒருக்கா டேங்கை நிரப்பிக்கிறேன். டிக்கில ஒரு பாட்டில்ல பெட்ரோலும் இருக்குது. ஆனா பண்ணாரி தாண்டினா புலிகள் காப்பகம், ரோட்டுலயே யானை நிக்கும். அங்க வண்டி நின்னா இறங்கி நடக்க முடியாது.

நான் இயற்பியல் டீச்சர். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். காசு போடறதுக்கு முன்னால எதை அளந்து பாக்கறதுன்னு யாராச்சும் சொன்னா நல்லாருக்கும்.

தாராபுரம் டாக்ஸி

அக்கா, முதல்ல பெட்ரோல் போடற பங்க்கை மாத்திப் பாருங்க. ஃபுல் போட்டு முக்கால் காட்டுதுன்னா அங்க அளவு சரியில்லைனுதான் எனக்குத் தோணுது. இல்லைன்னா டேங்குக்குள்ள மிதக்கற ப்ளோட்டுல ஓட்டை விழுந்து பெட்ரோல் உள்ள போயிருக்கும். அது மிதக்காம பாதி முங்கிக் கெடக்கும். என்ற வண்டியில அப்படித்தான் ஆச்சு. அதுக்கு ப்ளோட்டை மாத்துனேன்.

கருங்கல்பாளையம் ஒயரிங்

டீச்சருங்க, மீட்டர் போர்டு இப்ப வாங்காதீங்க. கார்புரேட்டர் காலத்துல இருந்து ஈரோட்டுல ஒயரிங் சோலிதான் பாக்கறனுங்க. பெட்ரோல் முள் ஆடுதுன்னு வர்ற வண்டியில மீட்டர் போனது நெம்பக் கம்மி. டேங்குக்குள்ள இருக்கற ப்ளோட் யூனிட், அதோட எர்த் (கரண்ட்டு வண்டி பாடி வழியாப் பேட்டரிக்குத் திரும்பற எடம்), நடுவுல ஒயரைச் சேக்கற கப்லர், இந்த மூணுலதான் சீக்கு இருக்கும். மீட்டரைக் கழட்டறது சுளுவு, டேங்கைத் தொடறது கஷ்டம். அதனாலதான் எல்லாரும் மீட்டர்ல கை வெக்கறாங்க.

டாக்ஸித் தம்பி, பங்க்குமேல சந்தேகம்னா அங்கயே முத்திரை குத்துன 5 லிட்டர் அளவைக் கேன் இருக்கும். கேட்டா பிடிச்சுக் காட்டோணும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைக்கும் வித்தியாசம் இருக்கலாம்னு சட்டமே சொல்லுது. ஆனா டீச்சர் சொல்றது அந்தக் கேசு இல்லை. அளவு குறைஞ்சா முள் குறைச்சலாத்தான் நிக்கும், விழுந்து எந்திரிக்காது. ப்ளோட் முங்கினாலும் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி கம்மியாத்தான் காட்டும். கால்வாசியில மட்டும் விழறதுன்னா அது வேற.

டேங்குக்குள்ள ஒரு கம்பி, அதோட நுனியில ப்ளோட், அடியில ரெசிஸ்டன்ஸ் கோடு போட்ட ஒரு சின்னப் பட்டை. பெட்ரோல் ஏறி இறங்க, கம்பி அந்தப் பட்டைமேல தேய்ச்சுட்டே போகும். அதுதான் ரெசிஸ்டன்ஸை மாத்துது. உங்க வண்டி மாதிரி ஜப்பான் கணக்குல வந்ததுல டேங்க் நிரம்பினா அஞ்சாறு ஓம், காலியானா நூத்துக்கு மேல. எல்லா வண்டியும் இப்படி இல்லீங்க. அமெரிக்க வண்டியில காலிக்கு 0, ஃபுல்லுக்கு 90னு தலைகீழாவும் இருக்குது. 240ல ஆரம்பிச்சு 33க்கு இறங்கறதும் இருக்குது. ஐரோப்பாவுல 10ல இருந்து 180. யூனிட்டை மாத்தி மாட்டுனா முள் பொய் சொல்றது இதனாலதான்.

உங்க வண்டியில மூணு சேதி இருக்குது. ஃபுல்லுக்கு முக்கால் காட்டறது, எங்கயோ பத்துப் பதினஞ்சு ஓம் எச்சா சேர்ந்திருக்குதுன்னு சொல்லுது. கால்வாசியில விழறது, பட்டையில அந்த எடம் தேய்ஞ்சு போச்சுன்னு சொல்லுது. பிரேக்குக்கு இறங்கறது எர்த். இதுல முதல் ரெண்டும் ஒரே ஆளோட வேலை, மூணாவது வேற ஆள். ரெண்டு சீக்குன்னு வெச்சுக்கிட்டே பாருங்க. ஒண்ணைச் சரி பண்ணிட்டு "முழுசாச் சரியாகலையே"ன்னு மறுபடி மீட்டர்ல போய் விழுந்துருவாங்க பாருங்க, அதுக்காகச் சொல்றனுங்க.

பொழுது சாஞ்சதும் வண்டியைச் செவுத்துக்கு முதுகு காட்டி நிறுத்துங்க. லைட் போட்டு ஆரையாச்சும் பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. ஒரு பக்கம் பிரேக் லைட் மங்கலா இருக்குதா, பிரேக் மிதிக்கறப்ப அதே பக்கம் இண்டிகேட்டரும் லேசா எரியுதான்னு பாருங்க. எரிஞ்சா அந்தப் பக்கத்து எர்த் போச்சு. பின்னாடி பல்பு கரண்ட்டு எர்த்துக்குப் போக வழியில்லாம பக்கத்து ஒயர்ல நுழையுது. ப்ளோட்டோட எர்த்தும் அங்கயே சேர்ந்திருந்தா முள்ளும் இறங்கும்.

அப்புறமுங்க, அந்தப் பாட்டில் பெட்ரோலை இன்னைக்கே டேங்க்ல ஊத்திருங்க. வெயில்ல நிக்கற வண்டி டிக்கில பாட்டில் பெட்ரோல் ஆகவே ஆகாது.

பீளமேடு இன்ஸ்ட்ருமெண்ட்

மில்லில் கருவிகள் பிரிவில் வேலை பார்ப்பவன். மேலே அண்ணா சொன்னதற்கு ஒரு சின்னச் சேர்க்கை.

மீட்டர் நல்லாருக்கா இல்லையா என்பதை டேங்கைத் திறக்காமலேயே தெரிஞ்சுக்கலாம். பின்சீட்டு உட்காரும் பலகையைத் தூக்கினால் கீழே ஒரு தகட்டு மூடி. அதைத் திறந்தால் பம்பு யூனிட்டின் கப்லர். அதில் தடிமனாக இரண்டு ஒயர் பம்புக்கு, மெல்லிசாக இரண்டு ப்ளோட்டுக்கு. சாவியை ஆஃப் பண்ணிட்டுக் கப்லரைக் கழற்றி, வண்டிப் பக்கம் உள்ள மெல்லிய சிக்னல் ஒயருக்கும் நல்ல பாடி எர்த்துக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரை வைத்துவிட்டுச் சாவியைப் போடுங்க. 10 ஓம் வைத்தால் ஃபுல் பக்கம், 33 வைத்தால் பாதி ஒட்டி, 100 வைத்தால் காலி பக்கம் முள் போகணும். போனால் மீட்டரும் அதுவரை வரும் ஒயரும் சுத்தம்.

பலபேர் அந்த ஒயரை நேரா பாடியில் தொட்டு "ஃபுல் காட்டுது, ஓகே" என்பாங்க. ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளும் பழைய மீட்டரில் அப்படி வைத்துக்கொண்டே இருந்தால் உள்ளே சுருள் தீய்ந்துடும். ரெசிஸ்டர் இருந்தால் பயமில்லை. டீச்சர் என்பதால் சொல்கிறேன், பள்ளி லேபில் இருக்கும் மின்தடைப் பெட்டியை எடுத்துட்டுப் போகாதீங்க. அதன் சுருள்கள் மெல்லிசு, 100 மில்லி ஆம்பியருக்குத் தாங்காது. கடையில் வெள்ளைக் கல் மாதிரி இருக்குமே, 5 வாட் வயர்வவுண்ட், அதைக் கேளுங்க.

மலைப்பள்ளி டீச்சர் (கோபி)

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. மின்தடைப் பெட்டியை எடுத்து வண்டியில வெச்சே இருந்தேன், திருப்பி லேபுக்கே போயிருச்சு. பாட்டில் பெட்ரோல் டேங்குக்குப் போயிருச்சு.

செவுத்துச் சோதனை முதல்ல. எங்க வீட்டுக்காரர் பிரேக் மிதிச்சாரு. இடது பக்கம் பிரேக் லைட் வலதைவிட மங்கல். மிதிக்கும்போதெல்லாம் இடது இண்டிகேட்டர் லேசாச் செவந்து காட்டுது. வலது பக்கம் அப்படி ஒண்ணும் இல்லை.

அடுத்தது ரெசிஸ்டர். 10 ஓமுக்கு முள் 'எஃப்' கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழ நின்னுச்சு. 33க்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல. 100க்கு 'ஈ'க்குக் கொஞ்சம் மேல. மெதுவா ஏறி மெதுவா இறங்குது, ஆனா நடுங்கல. அப்ப மீட்டர் நல்லாத்தான் இருக்குது, இல்லீங்களா? 9,000 மிச்சம்.

டேங்க் பக்கத்து ரெண்டு மெல்லிய பின்னுக்கு நடுவுல அளந்தேன். அன்னைக்குக் காலையிலதான் ஃபுல் போட்டது. 21 ஓம் காட்டுச்சு. பின்பக்கத்தைப் பிடிச்சு ஆட்டினா 9க்குப் போய் 30க்குத் தாவி மறுபடி 20 பக்கம் வந்து நிக்குது.

கடைசியா கப்லரை மாட்டிட்டு, ப்ளோட் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல வோல்ட் பாத்தேன். லைட் இல்லாம 0.03. லைட் போட்டா 0.5. பிரேக்கும் சேர்ந்து மிதிச்சா 1.6 வோல்ட். எர்த்துங்கறது பூஜ்யமா இருக்கணும்னு பசங்களுக்குப் போர்டுல எழுதிப் போடறேன், என் வண்டியில அது ஒண்ணரை வோல்ட்டுல நிக்குது.

கருங்கல்பாளையம் ஒயரிங்

இப்படி அளந்து எழுதுனா பாக்கறவனுக்குப் பாதி வேலை மிச்சமுங்க.

மீட்டரைப் பத்தி இனி நாயம் வேண்டாம். அது சுத்தம்.

1.6 வோல்ட்டுல பாருங்க. இடது பக்கம் ஒரு 21 வாட் பிரேக் பல்பு, ஒரு 5 வாட் டெயில் பல்பு, ரெண்டும் சேர்ந்து ரெண்டு ஆம்பியருக்கு மேல. 1.6ஐ அதால வகுத்தா முக்கால் ஓம் பக்கம். மல்டிமீட்டர்ல ஓம் வெச்சு அளந்திருந்தா "ஒரு ஓம் கூட இல்லை, எர்த் நல்லாருக்குது"ன்னு விட்டிருப்போம். கரண்ட்டு ஓடறப்ப வோல்ட் பாத்ததாலதான் மாட்டுச்சு. சின்னப் பசங்க பட்டறைக்கு வந்தா இதைத்தான் முதல்ல சொல்லிக் குடுக்கறனுங்க, எர்த்தை லோடு குடுத்துப் பாரு, சும்மா பாக்காதே.

டேங்குப் பம்பு மக்கர்னோ, வண்டி இழுவை குறைஞ்சுதுன்னோ நீங்க எழுதலை. அப்ப பம்பு எர்த் வேற எடத்துல போகுது. ப்ளோட்டும் இடது பின்லைட்டும் ஒரே போல்ட்டுல. பின்சீட்டுக்கு இடப்பக்கம், டிக்கிக்குள்ள சக்கர வளைவுக்கு மேலயோ டெயில் லேம்புக்குக் கீழயோ கருப்பு ஒயர் கொத்தா வந்து ஒரு 10 எம்.எம். போல்ட்டுல முடிஞ்சிருக்கும். அங்க கார்ப்பெட்டைத் தொட்டுப் பாருங்க, ஈரம் இருக்குதான்னு. டெயில் லேம்பு வாசர் சுருங்கி மழைத்தண்ணி உள்ள எறங்கறது இந்த வயசு வண்டியில சகஜம். தாளவாடி மழை வேற.

போல்ட்டைக் கழட்டி, ஒயர் நுனியில இருக்கற லக்கையும் பாடியையும் உப்புக் காகிதத்துல வெள்ளையாத் தெரியற வரைக்கும் தேயுங்க. பல்லு வாசர் போட்டு இறுக்குங்க. அதுக்கு மேலாப்ல வாசலின் தடவுங்க. இறுக்கறதுக்கு முன்னால தடவாதீங்க. பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டுப் பண்ணுங்க.

பட்டை விசயம் பொறவு. முதல்ல இதை முடிச்சுட்டு மறுபடி அளந்து போடுங்க. ஆமா, பெட்ரோல் தீரப் போறப்ப எரியற ரிசர்வ் லைட் எரியுதுங்களா? சில மாடல்கள்ல அது முள்ளோட சேராத தனிச் சர்க்கியூட். டேங்குக்குள்ள ஒரு தெர்மிஸ்டர், அதாவது சூட்டுக்குத் தக்க ரெசிஸ்டன்ஸ் மாறற துண்டு, பெட்ரோல்ல முங்கி இருக்கும். முங்கி இருக்கற வரைக்கும் குளுகுளுன்னு இருந்து கரண்ட்டை விடாது. பெட்ரோல் இறங்கி வெளிய வந்ததும் சூடேறி விடும், லைட் எரியும். உங்க வண்டி அந்த ரகமா இருந்தா, முள் பொய் சொன்னாலும் லைட் நெசம் சொல்லும்.

அந்தியூர் அக்ரி

இதெல்லாம் இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் செய்யற வேலைங்க. 20 சதவீதம் கலந்ததுல இருந்து என்ற டிராக்டர், பைக், கார், எல்லாத்துலயும் ஏதோ ஒண்ணு போகுது.

கருங்கல்பாளையம் ஒயரிங்

டிராக்டர் டீசல்ல ஓடறதுங்க. அதுல எத்தனால் எங்க வந்துச்சு?

பீளமேடு இன்ஸ்ட்ருமெண்ட்

எத்தனாலைக் குறை சொல்வது இப்ப வழக்கமாகிடுச்சு. தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பரை உப்ப வைக்கும், அது உண்மை. ஆனால் பட்டை கறுப்பதற்குப் பழைய எதிரி கந்தகம். ப்ளோட் பட்டையின் தொடுமுனைகளில் வெள்ளி இருக்கு. பெட்ரோலில் வினை புரியும் கந்தகம் இருந்தால் வெள்ளி சல்ஃபைடாகக் கறுத்து, மேலே மின்சாரம் போகாத படலம் படியும். வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதும் அதே வேதியியல்தான்.

2004 மே மாதம் அமெரிக்காவில் ஃப்ளோரிடா, லூசியானா பக்கம் கந்தகம் மிகுந்த பெட்ரோல் பங்க்குகளுக்குப் போய், ஏராளமான கார்களில் பெட்ரோல் முள் மட்டும் கெட்டது. எஞ்சின்கள் ஓடின, முள்கள் பொய் சொல்லின. காலி டேங்குக்கு ஃபுல் காட்டின கார்களும் உண்டு. எண்ணெய் நிறுவனம் விற்பனையை நிறுத்தி, பழுதுக்கும் பணம் கொடுத்தது.

நம் ஊரில் 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரப் பெட்ரோலில் மொத்தக் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். அதற்கு முன் பி.எஸ். 4இல் 50, அதற்கும் முன் இன்னும் அதிகம். டீச்சர் வண்டி 2009இல் பிறந்தது என்பதால் பட்டை கறுக்க ஆரம்பித்தது பழைய பெட்ரோல் காலத்திலேயே இருக்கலாம். கூடவே தேய்மானம். எப்பவும் கால் டேங்க்கிலேயே ஓட்டினவர் கையில் வண்டி இருந்திருந்தால் அந்தக் கால்வாசி இடம்தான் முதலில் தேயும்.

மலைப்பள்ளி டீச்சர் (கோபி)

முன்னாடி வெச்சிருந்தவர் ஐநூறு ரூபாய்க்கு மேல பெட்ரோல் போட்டதே இல்லைன்னு அவர் வாயாலயே சொல்லியிருக்காரு. சரியாத்தான் இருக்குது.

எர்த் போல்ட் அண்ணா சொன்ன எடத்துலயே. இடது டெயில் லேம்புக்குக் கீழ கார்ப்பெட் நசநசன்னு இருந்துச்சு. தூக்கினா போல்ட் முழுக்கத் துரு. லக்கு பச்சை பூத்துப் போயிருந்துச்சு. தேய்ச்சு, பல்லு வாசர் போட்டு இறுக்கி, மேல வாசலின் தடவியாச்சு. டெயில் லேம்பு வாசரும் புதுசு. இப்ப லைட், பிரேக் ரெண்டும் போட்டா 0.06 வோல்ட். பிரேக் மிதிச்சா முள் அசையவே இல்லை. இடது பக்கம் லைட் பளிச்சுனு எரியுது. பின்னால வர்றவங்களுக்கு இத்தனை நாளா அரை வெளிச்சத்துலதான் பிரேக் காட்டிட்டு இருந்திருக்கேன்.

ஃபுல் டேங்க்கு முக்கால், கால்வாசியில விழறது, இது ரெண்டும் அப்படியே இருக்குது. நீங்க சொன்ன மாதிரி வேற ஆள்தான். டேங்க் யூனிட்டைக் கழட்டலாம்னு இருக்கேன். இன்னொரு சந்தேகம். திம்பம் ஏறும்போது ஒரு அளவு, மேல தாளவாடி சமதளத்துல ஒரு அளவு காட்டறதும் இதே சீக்கா?

கருங்கல்பாளையம் ஒயரிங்

அது சீக்கு இல்லீங்க. 27 வளைவும் மூக்கைத் தூக்கிட்டே ஏறறீங்க. டேங்க்ல இருக்கறது பின்னால ஒதுங்கும். ப்ளோட் இருக்கற எடத்தைப் பொறுத்து முள் கூடும், இல்லைன்னா குறையும். எந்த வண்டிக்கும் உண்டு. சமதளத்துல நின்னு பாக்கறதுதான் கணக்கு. ஒண்ணே ஒண்ணு, கால்வாசிக்குக் கீழ வெச்சுட்டு மலை ஏறாதீங்க. பம்பை ஆறவெக்கறதே அதைச் சுத்தி நிக்கற பெட்ரோல்தான். ஏத்தத்துல பெட்ரோல் ஒதுங்கி பம்பு காத்தை இழுத்தா அது சீக்கிரம் போயிரும். முள்ளைவிட பம்பு வெலை எச்சு.

யூனிட் கழட்டறதை மட்டும் தனியா வீட்ல பண்ணாதீங்க. கோபியிலயே எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாத ஃப்யூல் இன்ஜெக்‌ஷன்) வண்டி பாக்கற ஆளை வெச்சுப் பண்ணுங்க. ஆனா பக்கத்துலயே நில்லுங்க, இது ஒவ்வொண்ணும் நடக்குதான்னு பாருங்க. டேங்க்ல பெட்ரோல் கால்வாசிக்குக் கீழ இருக்கோணும். பம்பு ஃபியூஸைப் பிடுங்கிட்டு எஞ்சினை ஓட விட்டு, அதுவா நிக்கற வரைக்கும் விட்டா லைன்ல அழுத்தம் எறங்கிரும். பேட்டரி நெகட்டிவ் கழண்டிருக்கோணும். வெட்டவெளி, காத்தோட்டம். பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம், தரையோட படுத்துட்டு நகரும். அதனால சர்வீஸ் பள்ளத்து மேல நிறுத்தி இந்த வேலை பண்ணவே கூடாது. பீடி, செல்போன், கையில புடிக்கற பழைய குண்டு பல்பு எதுவும் கிட்ட வரக்கூடாது. தீயணைப்பான் ஒண்ணு கைக்கெட்டற தூரத்துல. மேல இருக்கற வளையத்தைச் சுத்தியலும் இரும்பு உளியும் வெச்சுத் தட்டறவன்னா, "வேண்டாமுங்க, வேற ஆளைப் பாத்துக்கறேன்"னுட்டு வந்துருங்க. மரக்கட்டையோ பித்தளையோ வெச்சுத்தான் தட்டோணும். மூடியைத் தொறக்கறதுக்கு முன்னால சுத்தி இருக்கற மண்ணை ஊதித் தள்ளோணும், இல்லைன்னா அத்தனையும் டேங்குக்குள்ள.

வெளிய எடுத்ததும் ப்ளோட்டைக் காதுகிட்ட வெச்சு ஆட்டுங்க. உள்ள சலசலன்னா தாராபுரம் தம்பி சொன்னதுதான். இல்லைன்னா ப்ளோட் சுத்தம். கம்பி கோணலா இருக்குதான்னும் ஒரு பார்வை. அப்புறம் முள்ளு வெச்ச பழைய மல்டிமீட்டர் லேப்ல இருக்கும்ல, அதை எடுத்துட்டுப் போங்க. டிஜிட்டல் மீட்டர் எண்ணு மாறி மாறிக் காட்டி ஏமாத்தும். முள்ளு மீட்டர்ல ப்ளோட்டை அடியில இருந்து மேல வரைக்கும் பையத் தூக்குனா எங்க துள்ளுதுன்னு கண்ணுக்கே தெரியும்.

பட்டையை உப்புக் காகிதத்துல தேய்க்க விடாதீங்க. அந்தக் கோடு அத்தனை மெல்லிசு. பென்சில் ரப்பர், இல்லைன்னா காண்டாக்ட் கிளீனர் தொட்ட பஞ்சு, அவ்வளவுதான். தேய்ஞ்சு பள்ளம் விழுந்திருந்தா தொடைச்சாலும் கொஞ்ச மாசம்தான் தாங்கும். ப்ளோட் யூனிட் மட்டும் தனியாக் கெடைச்சா மாத்திருங்க. சில வண்டிக்குப் பம்போட சேர்த்துத்தான் தருவாங்க, கேட்டுப் பாருங்க. முன்கூட்டியே மூடிக்கு அடியில வர்ற ரப்பர் வளையம், ஓ-ரிங், புதுசா வாங்கி வெச்சுக்கோங்க. பழசு பெட்ரோல்ல ஊறி வீங்கியிருக்கும், வெளிய எடுத்தா திரும்ப அதே காடியில உக்காராது. அதை அழுத்தி மாட்டுனா பின்சீட்டுல பெட்ரோல் வாசம் வந்துட்டே இருக்கும்.

மலைப்பள்ளி டீச்சர் (கோபி)

முடிஞ்சுதுங்க. முதல்ல கேட்ட இடத்துல ஆணியும் சுத்தியலும் எடுத்தாங்க, கும்பிட்டுட்டு வந்துட்டேன். ரெண்டாவது ஆள் வேலி ஓரமா வண்டியைத் தள்ளி நிறுத்திட்டு, வேப்பங்கட்டையை வெச்சே வளையத்தைத் தட்டி எடுத்தாரு.

ப்ளோட் சுத்தம், கம்பியும் நேராத்தான் இருந்துச்சு. பட்டை ஒரு ஓரம் முழுக்கக் கறுப்பு. கால்வாசி இருக்கற எடத்துல கோடு தேய்ஞ்சு அடியில இருக்கற வெள்ளைப் பீங்கான் தெரியுது. லேப் மீட்டர்ல தூக்கிப் பாத்தோம். மேலேயும் கீழேயும் முள் வழுவழுன்னு வருது, அந்த எடத்துல மட்டும் ஒரேயடியா இடது மூலைக்கு ஓடிட்டு வருது. அந்த மெக்கானிக் பையன் இதைப் பாத்துட்டு அப்படியே செல்போன்ல வீடியோ எடுக்கப் போனான், "தள்ளிப் போய்த்தான் எடுக்கணும்"னு விரட்டினேன்.

ப்ளோட் யூனிட் தனியாவே கெடைச்சுது, ஓ-ரிங்கும் சேர்த்து மீட்டர் போர்டுக்குக் கேட்ட காசுல ஆறுல ஒரு பங்குகூட ஆகலை. மாட்டி ஃபுல் போட்டு அளந்தா 5 ஓம், முள் 'எஃப்' கோட்டுக்கு மேலயே நிக்குது. பின்சீட்டுல வாசம் இல்லை.

ரிசர்வ் லைட்டையும் சோதிச்சேன். பழைய யூனிட்டுல ப்ளோட்டுக்கு மூணாவதா இன்னொரு ஒயரும் தெர்மிஸ்டரும் இல்லை. அப்ப என் வண்டியில லைட்டும் முள்ளை நம்பித்தான் எரியுது. பழைய பட்டையோட அதை நம்பி இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைக்கவே பயமா இருக்குது.

பல்லடம் லூம்

நல்ல இழை. என்னோடது 2019 மாடல், முள் கிடையாது, கட்டம் கட்டமா எரியற டிஸ்ப்ளே. பெட்ரோல் போட்டதும் கட்டம் ஏறாது, கொஞ்ச தூரம் ஓட்டின பிறகு ஒரேயடியா ஏறுது. இதுக்கும் பட்டைதானா?

பீளமேடு இன்ஸ்ட்ருமெண்ட்

வண்டியை ஆன்லயே வைத்துக்கொண்டு பெட்ரோல் போடுறீங்களா? புது வண்டிகளில் ப்ளோட் சிக்னலைக் கணினி வாங்கி, அலைபாயாமல் இருக்க நிதானமாகச் சராசரி போட்டுத்தான் காட்டும். சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால்தான் "புதுசா பெட்ரோல் ஏறியிருக்கு" என்று பல வண்டிகள் உடனே புரிந்துகொள்ளும். பங்க்கில் எஞ்சினை நிறுத்துவது விதியும்கூட. நிறுத்தி, போட்டு, ஆன் பண்ணிப் பாருங்க. அப்பவும் கட்டம் ஏறலைன்னா மட்டும் பின்சீட்டைத் தூக்குங்க.

தாராபுரம் டாக்ஸி

அண்ணா, என்ற வண்டியில ப்ளோட் மாத்துனதுல இருந்து ஃபுல்லுக்குக் காலி, காலிக்கு ஃபுல்லுன்னு காட்டுது. அது சும்மா விளையாடுதுன்னு விட்டுட்டேன். டீச்சர் எழுதினதைப் படிச்ச பொறவு உறுத்துது.

கருங்கல்பாளையம் ஒயரிங்

வேற கணக்கு வண்டியோட யூனிட்டை மாட்டிட்டாங்க தம்பி. மல்டிமீட்டர் எடுத்துட்டு வா. டேங்க் காலியா இருக்கறப்ப எத்தனை ஓம், ஃபுல் போட்டதும் எத்தனை ஓம், ரெண்டை மட்டும் அளந்து எழுது. உன்ற வண்டி எந்த மாடல்னும் சேர்த்து எழுது, மீதியைப் பொறவு பாக்கலாம்.